நாற்பத்தோராம் பக்கத்துக் கிணறு

மன்னார்
12.06.2025

மதிப்புக்குரிய நவரத்தினம் சேர் அவர்களுக்கு,

எங்கள் ஆட்கள் கடிதம் தொடங்கும்போது முதலில் ஸலாம் சொல்வார்கள். உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்பது அதன் பொருள். உங்கள் மீது சாந்தி உண்டாக வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. முதல் வரியிலேயே பொய் எழுதக் கூடாது என்பதற்காக வெறும் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம் சேர்.

என்னை நினைவிருக்கிறதோ தெரியாது. 2012இல் உங்களிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த ஹமீதா. முசலிக் கரையிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் வந்து கடைசி வாங்கில் இருந்தவள். மீன்பிடிக்கிற தாவூதின் மகள். இப்போது மன்னாரில் வேறொரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழும் நாடகமும் படிப்பிக்கிறேன்.

உங்கள் கனடா, ஸ்காபரோ விலாசத்தைப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் றொகான் தந்தார். வட்ஸ்அப் இலக்கமும் தந்தார். அதில் அனுப்பினால் இரண்டு வரி வாசித்துவிட்டு அழித்துவிடுவீர்கள். பிறகு கிடைக்கவே இல்லை என்பீர்கள். அதனால் பதிவுத் தபாலில் போடுகிறேன். யாராவது கையெழுத்து வைத்துத்தான் வாங்க வேண்டும். உங்கள் மருமகள் வாங்கிப் பிரித்து வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதலில் ஊர்ப் புதினம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஐந்து நாளாகிறது. சோளகக் காற்று பிடித்துவிட்டது. தென்கரை வள்ளங்கள் எல்லாம் பேசாலைப் பக்கம் போய்விட்டன. உங்கள் நறுவிலிக்குளத்தில் இந்த வருடம் சிறுபோகம் நன்றாக வந்திருக்கிறதாம். குளத்தில் தண்ணீர் இருக்கிறதாம். உங்கள் ஊருக்குத் தண்ணீர்க் குறை என்றைக்குமே இருந்ததில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்பது இன்னும் இரண்டு பக்கம் தாண்டினால் விளங்கும்.

பழைய மாணவர் சங்கம் ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி இங்கே உங்களுக்கு எடுக்கும் பாராட்டு விழாவுக்கு வாழ்த்துப்பா எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். எழுதி, அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்து உங்கள் கையில் தருவது நம் வழக்கம்தானே. நான் உடனே ஓம் என்றேன். கேட்ட வாய் மூடுவதற்குள் ஓம் சொன்னதைப் பார்த்து றொகானுக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

சேர், 2012 தமிழ்த் தினப் போட்டிக்கு நான் உங்களிடம் ஒரு சி.ஆர். கொப்பி தந்தேன். அதில் "நல்ல தண்ணி" என்று ஒரு நாடகம் எழுதியிருந்தேன். மீள்குடியேறிய ஓர் ஊர். ஊருக்கு ஒரே ஒரு நல்ல தண்ணிக் கிணறு. அதற்கு மூடி போட்டுப் பூட்டு. திறப்பு ஒரு உம்மாவின் கையில். அவளுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சண்டை. பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்து நிற்க, உம்மா பூட்டிவிட்டு உள்ளே போகிறாள். ஆனால் அன்று காலையில் கடலில் விழுந்த உம்மாவின் புருஷனைத் தூக்கிக் காப்பாற்றியது அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன். அதை முதற்காட்சியிலேயே பார்வையாளர்கள் பார்த்துவிட்டார்கள். வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை, அதனால் உம்மாவுக்குத் தெரியாது. ஆண்கள் தாகத்தோடு வந்து சேர, விஷயம் தெரிந்து உம்மா திறப்போடு ஓடுகிறாள். பூட்டுத் திறபடவில்லை. நாடகம் அங்கே முடியும்.

உங்களுக்கு இது தெரியாத கதை இல்லை. நீங்கள் "எழுதிய" கதை. வலயத்தில் முதலாமிடம், மாகாணத்தில் முதலாமிடம். சான்றிதழில் பிரதியாக்கம் சி. நவரத்தினம். நான் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, சேர் அது நான் எழுதினது, என்றேன். அப்போதே எனக்கு நீங்கள் கன்னத்தில் ஒரு அறை தந்திருந்தால் இத்தனை வருடத்தில் ஆறியிருக்கும். நீங்கள் அறையவில்லை. வெள்ளிக்கிழமை பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வா என்றீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பா கடலுக்குப் போகவில்லை. பெருநாளுக்குத் தைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மகளுக்குப் பரிசு தரப் போகிறார்கள் என்று நினைத்தார் என்று பிறகு உம்மா சொன்னாள். மண்டபத்தில் கலைப்பிரிவு முழுக்க இருந்தது, நடித்த பிள்ளைகள் இருந்தார்கள், பாடசாலை அதிபர் இருந்தார். ஒலிவாங்கியைப் போட்டு என்னை மேடைக்குக் கூப்பிட்டீர்கள். நாடக முரண் என்றால் என்ன என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. வஞ்சப்புகழ்ச்சிக்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னீர்கள். தெரியவில்லை. உருவகத்துக்கும் தற்குறிப்பேற்றத்துக்கும் வேறுபாடு கேட்டீர்கள். அதுவும் தெரியவில்லை. அந்தப் பாடங்களுக்கு நீங்கள் இன்னும் வந்திருக்கவே இல்லை.

பிறகு பிள்ளைகளைப் பார்த்து நீங்கள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். "நாடக முரண் எண்டால் என்னெண்டு தெரியாத பிள்ளை நாடக முரண் வச்சு நாடகம் எழுதினதாம். நீங்களே யோசியுங்கோ" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததை நான் மறந்துவிட்டேன். மறக்க முடியாதது வேறு. பின் கதிரையில் இருந்த வாப்பா எழுந்து மண்டபத்தின் நடுவே நடந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மேடையில் ஏறாமல் கீழே நின்று, உங்களைப் பார்த்துக் கையெடுத்து, "புள்ள அறியாமச் சொல்லிப்போட்டுது சேர், பிழை பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார். என்னையும் கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன். உங்களிடம் இருந்து நாடகத்தைத் திருடப் பார்த்ததற்காக நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் பெருந்தன்மையோடு தலையை ஆட்டினீர்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். சிலாவத்துறை தாண்டியதும், "படிச்ச மனுசன் பொய் சொல்லுவாரா மகள்" என்று மட்டும் கேட்டார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த கிழமையிலிருந்து என்னைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. கோபத்தில் இல்லை. வெட்கத்தில்.

சேர், நான் உங்களைப் பழி வாங்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. தொழுதுவிட்டு எழும்பும்போதுகூட அந்த நினைப்பு வரும், அதற்காகத் தனியாகப் பாவமன்னிப்புக் கேட்பேன், அடுத்த தொழுகையில் திரும்பவும் வரும். இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். அணி இலக்கணப் புத்தகம் ஒன்றை மாமி மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து தந்தான். குசினிச் சுவரில் சிரட்டைக் கரியால் ஒவ்வோர் அணியாக எழுதிப் பாடமாக்கினேன். உம்மா மீன் பொரிக்கும்போது நான் தீவகம், தீவகம் என்று சொல்லிக்கொண்டு நிற்பேன். இவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஸுஹறா மாமி தண்ணீர் ஓதித் தந்தாள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றினேன். தமிழில் ஏ. பிறகு பட்டம். பிறகு நியமனம்.

உங்களிடம் படித்ததால் ஒரு நன்மை நடந்தது. என் வகுப்பில் நான் பெயரை முதலில் சொல்வதில்லை. பொருளை முதலில் செய்யச் சொல்வேன், பெயரைப் பிறகு கொடுப்பேன். உங்கள் வீட்டில் ஒருவரைப் புகழ்கிற மாதிரிக் குத்திப் பேசினதைச் சொல்லுங்கள் என்றால், அஸீபா என்று ஒரு பிள்ளை எழும்பி, "எங்கட மாமிக்குக் கறி வச்சால் கைமணம், மூண்டு நாளா நாய்கூட வீட்டுப் பக்கம் வரேல்ல எண்டு உம்மா சொன்னவ" என்றாள். வகுப்பே விழுந்து சிரித்தது. அதற்குப் பெயர்தான் வஞ்சப்புகழ்ச்சி, உங்கள் உம்மாவுக்கு அது முன்பே தெரியும் என்றேன். இன்னொரு நாள் சோளகம் யன்னலால் மண்ணை அள்ளி வந்து கரும்பலகையை மூடிவிட்டது. இந்தக் காற்றுக்கும் இலக்கணப் பாடம் பிடிக்கேல்ல மிஸ், அதுதான் அழிக்குது என்றான் நிப்ராஸ். தானாக நடப்பதற்கு நாம் ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்கிறோமே, அது தற்குறிப்பேற்றம் என்றேன். அந்தப் பாடத்தை இனி ஒரு பிள்ளையும் மறக்காது. உங்கள் கேள்விக்குப் பதின்மூன்று வருடம் பிந்தி விடை சொல்கிறேன், புள்ளி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நீங்கள் கனடாவிலிருந்து மன்னார்ப் பாடசாலைகளுக்கெல்லாம் பெட்டி பெட்டியாக அன்பளிப்பு அனுப்பினீர்கள். "உப்புக் காலம்", நாடகமும் நயக்குறிப்பும், ஆக்கம் சி. நவரத்தினம். தலைப்பை மாற்றியிருக்கிறீர்கள். உம்மாவைத் தாய் ஆக்கியிருக்கிறீர்கள். ஒரு வசனம் நீங்கலாக மற்றதெல்லாம் என் கொப்பி. நூலகத்தில் நின்றபடியே வாசித்தேன். அழுகை வரப்போகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் நாற்பத்தோராம் பக்கம் வந்தது.

"தாய் கிணற்றைப் பூட்டினாள்" என்ற வரிக்கு நீங்கள் எழுதிய குறிப்பு இது: "இஃது ஒரு சிறந்த உருவகம். கிணறு என்பது பெண்ணின் கருப்பை. பூட்டு என்பது அவள் மீது சமூகம் திணித்த மௌனம்."

சேர், நான் சிரித்தேன். நூலகத்துக்குள் சத்தம் போட்டுச் சிரித்து, நிற்க முடியாமல் தரையில் இருந்துவிட்டேன். அந்த நேரம் உள்ளே வந்த தனுசியா மிஸ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். தனுசியாவை உங்களுக்குத் தெரியும். இலுப்பைக்கடவைப் பிள்ளை, அன்று உம்மாவாக நடித்தவள், உங்கள் செல்ல மாணவி. இப்போது என்னோடுதான் படிப்பிக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை அவளும் மண்டபத்தில் இருந்தாள். அது பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. ஒரே அறையில் ஒரே மேசையில் சாப்பிடுவோம், அதைப் பேச மாட்டோம்.

அடுத்த சனிக்கிழமை அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்குப் போனேன். கிணற்றைக் காட்டினேன். பழைய வள்ளப் பலகையில் மூடி. மூடியில் ஆமைப் பூட்டு. சுற்றி ஏழு கழுதைகள் நின்றன. "இது உண்மையான கிணறா?" என்று கேட்டாள். ஓம், கிணறுதான், கருப்பை இல்லை என்றேன்.

உங்களுக்கும் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய முதல் கோடையில் தண்ணீர் தேடி வந்த கழுதை ஒன்று கிணற்றுக்குள் விழுந்து செத்தது. இருபத்திரண்டு நாள் ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. இறைத்து இறைத்துக் கை புண்ணானது. அதற்குப் பிறகு வாப்பா மூடி செய்தார். கழுதை மூக்கால் தள்ளினாலும் திறக்கும் என்பதால் பூட்டுப் போட்டார்கள். திறப்பு எங்கள் உம்மாவிடம். கிணற்றைப் பூட்டினாள் என்றால் கிணற்றைப் பூட்டினாள். அதில் அணி ஒன்றும் இல்லை. உங்கள் ஊரில் குளம் நிறையத் தண்ணீர், கிணற்றுக்குப் பூட்டுப் போடுகிற அவசியம் யாருக்கும் வந்ததில்லை. தெரியாதது குற்றம் இல்லை. எழுதியவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது, கழுதை. இரண்டாம் காட்சியில் ஒரு கழுதை மேடையைக் கடந்து போக வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்தால்தான் பூட்டு ஏன் என்று பார்வையாளருக்கு விளங்கும். நீங்கள் அதற்கு, "கழுதை அறியாமையின் குறியீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். தனுசியா அந்தப் பக்கத்தைக் கிணற்றடியில் நின்று சத்தமாக வாசித்தாள். "இதில மட்டும் சேர் சரியா எழுதியிருக்கிறார்" என்றாள். பதின்மூன்று வருடத்தில் அவளை எனக்கு அன்றுதான் பிடித்தது.

மூன்றாவதுதான் எனக்கு வலித்தது. கடைசியில் பூட்டு ஏன் திறபடவில்லை? "மனித மனத்தில் ஏறிய துரு" என்கிறது உங்கள் குறிப்பு. கடற்கரையில் பூட்டு உப்புக் காற்றில் இறுகிவிடும் சேர். கிழமைக்கு ஒரு தடவை தேங்காயெண்ணெய் விட வேண்டும். எங்கள் ஊரில் திறப்பு ஒரு வீட்டில், எண்ணெய் அடுத்த வீட்டில். நாடகத்திலும் எண்ணெய் விடுவது பக்கத்து வீட்டுக்காரியின் முறை. சண்டை வந்ததால் அவள் கிணற்றடிப் பக்கம் வரவில்லை. எண்ணெய் விழவில்லை. அதனால் பூட்டு இறுகியது. அவளை விரட்டிய சண்டைதான் கடைசியில் உம்மாவின் கையைக் கட்டிப்போட்டது. என் நாடகமே அந்த ஒரு சொட்டு எண்ணெயில்தான் நின்றது. முதற்காட்சியில் இருந்த அந்த எண்ணெய் வசனத்தை, தேவையில்லாத சமையல் பேச்சு என்று நீங்கள் வெட்டினீர்கள்.

ஒத்திகையின்போதே வெட்டியது எனக்குத் தெரியாது. தனுசியாதான் சொன்னாள். ஒத்திகையின் முதல் கிழமையில் என் கையெழுத்துக் கொப்பியைப் பார்த்துத்தான் பாடமாக்கினார்களாம், அதில் எண்ணெய் வசனம் இருந்ததாம், பிறகு நீங்கள் தட்டச்சுப் பிரதி கொடுத்தபோது இல்லையாம். அப்படியென்றால் அன்று மண்டபத்தில் அவளுக்குத் தெரியும். கிணற்றடியில் குந்தியிருந்து அழுதாள். "எனக்கு மாகாணத்துக்குப் போக வேணும் எண்டிருந்தது ஹமீதா, அதுதான் பேசாமல் இருந்தனான்" என்றாள். மூன்று வருடமாக அந்தக் கருப்பைக் குறிப்பை வகுப்பில் படிப்பித்ததும் அவள்தான், உங்கள் பழைய தட்டச்சுக் குறிப்பிலிருந்து. அவளை உடனே மன்னிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் தள்ளாடிச் சந்தி தாண்டி வந்த பாலத்தடியில் மன்னித்தேன். அவளுக்குப் பதினெட்டு வயது, உங்களுக்கு ஐம்பத்திரண்டு.

விழா நிகழ்ச்சி நிரல் உங்களுக்கு வந்திருக்கும். ஐந்தாவது நிகழ்ச்சி, "உப்புக் காலம்" நாடகம், என் மாணவர்கள். ஆறாவது, நூலாசிரியரோடு மாணவர் உரையாடல். அது நான் சேர்த்தது. பத்தொன்பது பிள்ளைகளையும் பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றைக் காட்டிவிட்டேன். அஸீபா பூட்டுப் பற்றிக் கேட்பாள். நிப்ராஸ் கழுதை பற்றிக் கேட்பான். தனுசியா எண்ணெய் பற்றிக் கேட்பாள். முன்வரிசையில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எங்கள் ஊர் ஆட்கள் நாற்பது பேருக்கும் கதிரை. இந்த மூன்று கேள்விக்கும் எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் விடை தெரியும். மேடையில் இருக்கிற உங்களுக்கு மட்டும் தெரியாது. அரங்கில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்தது பாத்திரத்துக்கு மட்டும் தெரியாமல் இருப்பதற்குப் பெயர் என்ன சேர்? ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் முதலில் கேட்டது அதைத்தான்.

இரண்டு மாதம் இந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கியது, நித்திரை வந்தது, முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். பிறகு போன கிழமை எல்லாம் பிழையாகிப்போனது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெருநாள் பகல் சாப்பாட்டில் வாப்பாவிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். விழாவுக்கு வந்த பெரிய ஆள் ஒருவரைப் பிள்ளைகள் கேள்வி கேட்க, அவருக்கு விடை தெரியாமல் மேடையில் தடுமாறினால் எப்படி இருக்கும் என்றேன். வாப்பா கையில் எடுத்த சோற்றைத் திரும்பப் பீங்கானில் வைத்தார். "வந்த மனுசனை மேடையில ஏத்தி வெட்கப்படுத்துறது எங்கட பழக்கமில்ல மகள். அப்பிடி ஒண்டு நடந்தால் நான் எழும்பிப் போய் அவரிட்ட மன்னிப்புக் கேப்பன்" என்றார். கேட்பார் சேர். எனக்கு அந்த மனுசனைத் தெரியும். முழங்கால் ஏலாது, இதயத்துக்கு இரண்டு குளிசை போடுகிறார், ஆனாலும் எழும்புவார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்து, என் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாம் தடவையும் உங்களிடம் கையெடுப்பார். நீங்களும் பெருந்தன்மையோடு தலையை ஆட்டுவீர்கள். நான் பதின்மூன்று வருடம் காத்திருந்தது அதைப் பார்க்கவா?

வாப்பா இன்றைக்கும் உங்களைத்தான் நம்புகிறார். போன வருடம் என் கவிதை ஒன்று பத்திரிகையில் வந்தது. யாரையோ கொண்டு வாசிப்பித்துக் கேட்டுவிட்டு, மிகுந்த சந்தோஷத்தோடு, "இப்ப எல்லாம் நீயாவே எழுதுறாய், என்ன மகள்?" என்றார். அவர் குத்திப் பேசவில்லை. மனதாரப் புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சிக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை சேர், நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் எனக்குத் தராததை நான் உங்களுக்குத் தருகிறேன். வினாத்தாள் முன்கூட்டியே வந்திருக்கிறது. விடைகளும் இதே கடிதத்தில் இருக்கின்றன. பாடமாக்கிக்கொண்டு வந்து மூன்று கேள்விக்கும் சரியாகச் சொல்லிக் கைதட்டு வாங்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றாமல் இருந்தால் நீங்கள் நவரத்தினம் சேர் இல்லை. அப்படிச் செய்தால் தனுசியா எழும்பி முதல் ஒத்திகைக் கதையைச் சொல்வாள். வராமல் விட்டாலும் விழா நடக்கும், நாடகம் நடக்கும், என் தலைப்பில், எண்ணெய் வசனத்தோடு. உங்கள் கதிரையை வெறுமையாக மேடையில் வைத்து, நாற்பத்தோராம் பக்கத்தை வாசிப்போம்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஐந்தாவது நிகழ்ச்சிக்கு முன்பே நீங்கள் எழும்புங்கள். ஒலிவாங்கி வேண்டாம். மேடையை விட்டு இறங்கி முன்வரிசைக்கு வந்து என் வாப்பாவின் முன்னால் நின்று, அந்த நாடகத்தை எழுதியது உங்கள் மகள், நான் பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவருக்கு ஒரு காது மந்தம், வலப்பக்கமாக நின்று சொல்லுங்கள். என்னிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், கேட்டாலும் நான் தர மாட்டேன். அவர் உங்களை மன்னிப்பார், அது அவருடைய குணம், அதில் நான் தலையிட மாட்டேன். நீங்கள் சொல்லி முடித்தால் ஆறாவது நிகழ்ச்சி இல்லை. பிள்ளைகள் கேள்வி கேட்க மாட்டார்கள். கண்ணாடிச் சட்டத்தில் வெறும் உங்கள் பெயரும் திகதியும் இருக்கும். வாழ்த்துப்பாவை நான் எழுதப்போவதில்லை.

உங்களுக்குப் பிறஷர் இருக்கிறது, பிளேனில் நீண்ட நேரம் இருக்க டொக்டர் யோசிக்கிறார் என்று றொகான் சொன்னார். மருந்தை நேரத்துக்கு எடுங்கள். உப்பைக் குறையுங்கள். பனியில் வெளியே நடக்க வேண்டாம், இப்போது அங்கே பனி இல்லை என்றால் வெயிலில் நடக்க வேண்டாம். இங்கே வாப்பாவுக்கும் எழுபத்தாறு முடிந்துவிட்டது, போன மாதம் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஓகஸ்ட் ஒன்பதுவரை உங்கள் இருவரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஐந்து நேரமும் அல்லாஹ்விடம் கையேந்துகிறேன். வாப்பாவின் பெயரைச் சொல்லி முடித்த அதே மூச்சில் உங்கள் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாருங்கள் சேர். தயவுசெய்து உயிரோடு வாருங்கள்.

இப்படிக்கு,
"நல்ல தண்ணி" நாடகத்தை எழுதிய
தா. ஹமீதா